குளக்கட்டில் கேட்ட ‘தும்’: ஒலிவாங்கியின் தொங்கலும் காற்றுறையும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிறுபோக நெல் முற்றி, வெட்டுக்கு ஆள் சொல்லத் தொடங்கியிருந்த நாட்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் ஐம்பது, அறுபது வருடம் வயல் செய்த முதியவர்களின் நினைவுகளையும், கையால் அரிவு வெட்டிய காலத்தில் அவர்கள் பாடிய பாட்டுகளையும் பதிவுசெய்ய ஒரு சிறு குழு புறப்பட்டது. கமராவுக்கு ஒருவர், மைக்கை நுனியில் தாங்கும் நீண்ட பூம் தடியைப் பிடிக்க ஓர் இளம்பெண், கேள்வி கேட்க ஓர் ஆசிரியர், ஒலிக்குப் பொறுப்பாக நான். மொத்தம் ஒன்பது நாட்கள். கடைசி இரண்டு நாட்கள் முல்லைத்தீவுக் கரைக்கு.

காலத்தைத் தெரிவுசெய்ததிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். அறுவடையும் அதற்குள்தான் வரும். பாட்டைப் பாடியவர்களை அந்த வயலிலேயே, அந்த நேரத்திலேயே பாடவைக்க வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். அது நியாயமானதுதான். காற்று எங்களைக் கேட்டு வீசாது என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நான் உட்பட.

கையில் இருந்தவை இவை: சென்ஹைசர் எம்கேஎச் 416 ஒலிவாங்கி ஒன்று, அதற்கான ஸ்பொஞ்ச் உறை, நான்கு ரப்பர் வளையங்களில் மைக்கைத் தாங்கி அதிர்வு தொற்றாமல் தொங்கவிடும் பழைய ஷாக் மவுண்ட் (தொங்கல் என்று நான் சொல்வது இதைத்தான்), அலுமினியத் தடி, மேடை நிகழ்ச்சிகளுக்குப் பாவிக்கும் தடித்த கேபிள், ஒரு ரெக்கோடர். சட்டையில் குத்தும் சிறு மைக் இரண்டும் இருந்தன. ஆனால் எங்கள் முதியவர்களில் பெரும்பாலானோர் வெறும் மேலுடன், தோளில் ஒரு துவாயோடு இருப்பவர்கள். குத்துவதற்குச் சட்டை இல்லை. துவாயில் குத்தினால் அவர்கள் வியர்வை துடைக்கும்போது மைக்கும் சேர்ந்து போகும். பூம் தடியை நம்பியே எல்லாம் நின்றது.

முதல் நாள்: குளக்கட்டு

இரணைமடு 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடிக்கப்பட்ட குளம். கனகராயன் ஆறுதான் அதை நிரப்புகிறது. கட்டு வடக்கே இருக்கிறது, நீர்ப்பரப்பு தெற்கே விரிகிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்குக் கட்டுவரை ஒரு மரம்கூடத் தடை இல்லை. அறுவடைக் காலத்தில் நீர் வற்றிக் கிடப்பதால் வெறும் குளத்தரையைத் தாண்டி வரும் காற்று இன்னும் கூர்மை.

காலை ஒன்பதரைக்கு முதலாவது ஐயாவைக் குளக்கட்டில் இருத்திப் பதிவைத் தொடங்கினோம். ஹெட்ஃபோனில் அவர் குரலுக்கு அடியில் ‘தும்... தும்தும்...’ என்று யாரோ வெறும் பீப்பாயைத் தட்டுவதுபோல ஓர் ஒலி. பேச்சு அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரெக்கோடரின் அளவுகோல்தான் ஒவ்வொரு தும்முக்கும் எகிறிக் குதித்தது.

ஸ்பொஞ்ச் உறை மட்டும் போட்ட திசைநோக்கு மைக்கைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோனது முழுக்க என் பிழை. ஸ்பொஞ்ச் என்பது அறைக்குள் தடியை வேகமாகத் திருப்பும்போது எழும் சிறு காற்றுக்கும், பேசுபவரின் மூச்சுக்கும்தான். மைக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் விழும் அழுத்தத்தின் வித்தியாசத்தை வைத்து வேலை செய்யும் திசைநோக்கு மைக்குகள், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் கேட்கும் மைக்குகளைவிடக் காற்றுக்குப் பலமடங்கு கூச்சமுள்ளவை. கைபட்டால் எழும் அதிர்வுக்கும் அப்படித்தான்.

அன்று மத்தியானம் பூம் பிடித்த தங்கச்சி ஒன்று சொன்னாள்: “அண்ணா, காத்து நிக்கிற நேரமும் தடியைக் கை மாத்தினா அதே சத்தம் வருது.” நான் “காத்துத்தான் தங்கச்சி, கூடையொண்டு எடுத்தாச் சரியாயிடும்” என்றேன். இந்த ஆய்வை எழுதுவதற்கு அந்த ஒரு பதிலே போதுமான காரணம்.

இரண்டாம் நாள்: உறைக்கு மேல் உறை

வவுனியாவில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கூடையும் உரோம உறையும் இரவல் வாங்கினோம். கூடை என்று நான் சொல்வது, மைக்கை முழுமையாக உள்ளே வைத்து மூடும் நீள்வட்டக் கூண்டு. அதற்கு மேல் நீண்ட செயற்கை உரோமம் தைத்த உறை. முதியவர் ஒருவர் பார்த்தவுடன் கேட்டார்: “உதென்ன தம்பி, தடியிலை மரநாயைக் கட்டிக்கொண்டு நிக்கிறியள்?” அதற்குப் பிறகு மிச்ச நாளெல்லாம் அதற்குப் பெயர் மரநாய்தான்.

மரநாய் போட்டும் தும் போகவில்லை. குறைந்தது உண்மை. காற்று ஓங்கும்போது மட்டும் திரும்ப வந்தது. காற்றோடு வருகிறதென்றால் காற்றுதான் காரணம், அப்படியானால் உறை போதவில்லை என்று நான் முடிவுகட்டினேன். மைக்குக்கு ஸ்பொஞ்சையும் போட்டுக் கூடைக்குள் திணித்தோம். அதுவும் போதாமல் உரோமத்துக்கு மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றினோம். அன்று பாடியவர் எண்பது வயது கடந்தவர். ஒரே மூச்சில் நீண்ட அரிவு வெட்டுப் பாட்டொன்றைப் பாடினார். மாலையில் போட்டுக் கேட்டபோது குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கிக் கிடந்தது. ‘ச’வும் ‘த’வும் ஒன்றாகக் கேட்டன. தும் மட்டும் குறையாமல் நின்றது.

மூன்றாம் நாள்: காற்றில்லாத மண்டபம்

கமராக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. இன்னும் தடித்த உரோமம் வாங்கினால் சரி என்பது என் நிலைப்பாடு. கொழும்பில் விலையும் விசாரித்துவிட்டேன். ஆசிரியர்தான் இடையில் புகுந்து, வாங்குவதற்கு முன் காற்றே இல்லாத இடத்தில் ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாமே என்றார். பொதுநோக்கு மண்டபத்தின் கதவு யன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மைக்கைக் கூடையோடு தடியில் மாட்டினோம். ரெக்கோடரின் ஒலியளவைக் குளக்கட்டில் இருந்த அதே இடத்தில் வைத்தோம்.

தங்கச்சி தடியை மெல்ல ஆட்டினாள். தும்.

கேபிளை விரலால் சுண்டினாள். தும். கூடையைப் புறங்கையால் தட்டியபோதும் அதுவே வந்தது. காற்று ஒரு துளியும் இல்லை.

கூடையைக் கழற்றிப் பார்த்ததில் மூன்று விடயங்கள் தெரிந்தன. நாங்கள் பொருத்திய பழைய மவுண்டின் ரப்பர் வளையங்கள் வெயிலில் கிடந்து நெகிழ்ந்து, மைக்கின் வால்பக்கம் தொய்ந்து கூடையின் அடி வளையத்தில் முட்டிக்கொண்டிருந்தது. தடித்த மேடைக் கேபிளைத் தடியைச் சுற்றி இறுக்கி, நேரே மைக்கின் வாலில் செருகியிருந்தோம். தடியில் படும் ஒவ்வொரு அசைவும் ரப்பரைச் சுற்றிக் கடந்து அந்தக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போனது. ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை, பின்வாசல் திறந்து கிடந்தது. மூன்றாவது, மைக்கின் நுனி கூடையின் முன்மூடிக்கு ஒரு விரல் அகலத்துக்குள் நின்றது. மிச்ச இடத்தை ஸ்பொஞ்ச் அடைத்திருந்தது.

அப்படியானால் தும் ஏன் காற்று ஓங்கும்போது மட்டும் வந்தது? எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது இதுதான். உரோமம் சுற்றிய கூடை காற்றுக்கு ஒரு பாய்மரம்போல. காற்று கூடையைத் தள்ளும், கூடை தடியை ஆட்டும், அந்த ஆட்டம் நெகிழ்ந்த ரப்பர் வழியாகவும் இறுகிய கேபிள் வழியாகவும் மைக்கினுள் ஒலியை ஏற்கும் மெல்லிய சவ்வுக்கு வந்து சேரும். சத்தத்தைத் தொடக்கிவைத்தது காற்று, உள்ளே கொண்டுவந்தது தொங்கல். நாங்கள் உறையைப் பெரிதாக்கப் பெரிதாக்கக் காற்றுக்குப் பிடிமானமும் பெரிதானது.

ஒலிவாங்கியைக் கொண்டு வெளியே போகும் எவரும் மூன்று சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகவேண்டும். காற்று நேரே சவ்வில் மோதுவது ஒரு தொடர்ச்சியான உறுமல், ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். தொங்கல் வழியாக வருவது தனித்தனியான தட்டல், தடியின் அசைவோடு பொருந்தும். மூன்றாவது காற்றின் உண்மையான ஒலி: பனையோலை உரசல், மருத இலைச் சலசலப்பு. அதை எந்த உறையும் நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது. முதல் இரண்டையும் நான் ஒன்றாகவே கேட்டேன்.

தொங்கலைத் திருத்தியது

ரப்பரில் தொங்கும் எந்தப் பொருளுக்கும் தன்னியல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதற்குக் கீழான அதிர்வைத் தொங்கல் அப்படியே கடத்தும், அந்த வேகத்தில் வருவதைப் பெருக்கும். அதன் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் குறைக்கத் தொடங்கும். ஆகவே தொங்கல் இளக்கமாக இருப்பது நல்லது, மைக் எதிலும் முட்டாதவரை. இளக்கம் எவ்வளவு என்பதை மைக்கின் பாரம் தீர்மானிக்கிறது. 416இன் நீளம் 250 மில்லிமீற்றர், பாரம் 165 கிராம். அதே நிறுவனத்தின் எம்கேஎச் 50 ஏறத்தாழ 100 கிராம்தான். முன்னதற்குச் சரியான தொங்கலில் பின்னதை வைத்தால் விறைத்து நிற்கும். மாற்றி வைத்தால் தொய்ந்து முட்டும். ஒரே மவுண்டை எல்லா மைக்குக்கும் பாவிப்பதன் விளைவு இது.

கொழும்பிலிருந்து பொருள் வரும்வரை கைமருந்து தேடினோம். முதலில் சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிக் கட்டினோம். தொய்யவில்லை, ஆனால் மிகவும் விறைப்பு, தடியின் ஒவ்வொரு தொடுகையும் உள்ளே வந்தது. பிறகு தங்கச்சி தன் பையிலிருந்து தலைமுடி கட்டும் துணி சுற்றிய ரப்பர்ப் பட்டிகளை எடுத்துத் தந்தாள். அளவான இளக்கம். துணி சுற்றியிருப்பதால் மைக்கில் உரசும் கிறீச்சொலியும் இல்லை. ஒரு நாள் வெயிலுக்குத்தான் தாக்குப்பிடித்தன, தினமும் காலையில் புதிது மாற்றினோம். முல்லைத்தீவுக் கடைகளிலும் கிடைக்கும் ஒரே உதிரிப்பாகம் அது.

ஐந்தாம் நாள் பஸ்ஸில் பார்சலாக லைர் வகைத் தொங்கல் வந்தது. ரைக்கோட் நிறுவனம் பரவலாக்கிய வடிவம்: யாழ்க் கருவியைப்போல் வளைந்த பிளாஸ்டிக் தாங்கிகள் இரண்டு. இதன் சிறப்பு மென்மை மட்டுமல்ல, எந்தத் திசையில் மென்மை என்பது. மைக்கின் சவ்வு முன்னும் பின்னுமாக அசைவதால் அந்த அச்சு வழியே வரும் அதிர்வையே அது அதிகம் கேட்கும். லைர் அந்த அச்சில் தாராளமாக அசையவிடும், பக்கவாட்டில் தொய்யவிடாது. ரப்பர் வளையத்தில் இந்தப் பாகுபாடு குறைவு. லைர் வெயிலில் நெகிழ்வதும் இல்லை. வெவ்வேறு பாரத்துக்கு வெவ்வேறு விறைப்பில் கிடைப்பதால் வாங்குமுன் மைக்கைத் தராசில் வைத்துவிட வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது ஒரு சாண் கேபிள். மெல்லிய, வளைந்து கொடுக்கும் கேபிளில் சிறு துண்டொன்றைக் கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் ஒருவரைக்கொண்டு பற்றவைத்தோம். மைக்கின் வாலிலிருந்து அது கூடைக்குள் ஒரு வளையம் போட்டுத் தளர்வாகத் தொங்கி, கைபிடியில் இறுக்கப்பட்டது. தடித்த கேபிள் கைபிடியோடு நின்றுவிட்டது. மண்டபத்தில் திரும்பத் தடியை ஆட்டினோம். ஹெட்ஃபோனில் தங்கச்சியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கழற்றச் சொன்னோம்.

காற்றுறையைத் திருத்தியது

கூடை ஏன் வேலை செய்கிறது என்பது புரிந்தபோது ஸ்பொஞ்சை வெளியே எடுத்தோம். கூடையின் பலம் அதன் துணியில் மட்டும் இல்லை, உள்ளே அசையாமல் நிற்கும் காற்றின் கொள்ளளவில் இருக்கிறது. காற்றுச் சுழிகள் கூடையின் வெளித்தோலில் உடைகின்றன, உடைபடும் இடத்துக்கும் சவ்வுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அந்த இடைவெளியை ஸ்பொஞ்சால் அடைப்பது தண்ணீர் நிற்க வெட்டிய குளத்தில் மண்ணைக் கொட்டுவதுபோல. மைக்கைப் பின்னுக்குத் தள்ளி, நுனிக்கு முன்னால் நாலு விரல் இடம் விட்டோம்.

பருத்தித் துணியும் போனது. உரோமம் காற்றைப் படிப்படியாக மெதுவாக்கும், அதேநேரம் உயர்சுர ஒலியைக் கொஞ்சம் விழுங்கும். அதற்குமேல் நெருக்கமாக நெய்த துணி சுற்றினால் காற்றைவிடக் குரலைத்தான் அதிகம் தடுக்கும். காலையில் காற்று எழுமுன் உரோமத்தைக் கழற்றி வெறும் கூடையோடு பதிந்தோம். குரலின் தெளிவில் வித்தியாசம் யாருக்கும் கேட்கும்.

416இல் தாழ்சுரத்தை வெட்டும் ஆளி இல்லை. ரெக்கோடரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ் வெட்டினோம். முதியவர்களில் ஒருவருக்கு ஆழமான குரல் என்பதால் 100க்கு ஏற்றவில்லை. இந்த வெட்டு மிச்சம் மீதிக்குத்தான். உறுமல் உள்வாங்கும் சுற்றையே நிரப்பிவிட்டால் பின்னால் வெட்டுவதில் பயனில்லை.

பணம் செலவாகாத இரண்டு திருத்தங்கள்தான் உண்மையில் பதிவைக் காப்பாற்றின. ஒன்று தூரம். காற்றுச் சத்தம் பேசுபவர் எங்கே இருந்தாலும் ஒரே அளவுதான், ஆனால் மைக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும். கமராக்காரரின் சட்டகத்துக்காக மூன்றடிக்கு மேல் நின்ற தடியை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே சட்டகத்தை இறுக்கினார். மற்றது நேரமும் இடமும். பாட்டுகளைக் குளக்கட்டில் காலை ஆறு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் எடுத்தோம். நீண்ட கதைகளை வயலின் காவல் கொட்டிலில், சோளகத்துக்கு மறைவான பக்கத்தில் வைத்தோம்.

வயலிலும் கரையிலும்

வயலில் பதிவு நன்றாகப் போனது. அங்கே எங்களைத் தொல்லைப்படுத்தியவை தூரத்தில் ஓடிய வெட்டு மெஷினும் மயில்களும். நாயுருவி விதைகள் மரநாயில் ஒட்டிக்கொண்டு உரோமத்தைச் சடையாக்கின. சடைபிடித்த உரோமம் பாதிதான் வேலை செய்யும் என்பதால் மாலைகளில் கொட்டிலில் இருந்து சீப்பால் வாரினோம். அதைப் பார்த்த ஒரு அம்மா எண்ணெய் வேணுமா என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் காலை, குளக்கட்டில், ஆசிரியருக்கு ஒரு குறை. தும் போய்விட்டது, ஆனால் பின்னால் மருதமரங்களின் இரைச்சல் கேட்கிறது, அதையும் நீக்க முடியாதா என்றார். நான் பதில் சொல்லுமுன் ஐயாவே சொன்னார்: “உந்த இரைச்சல் இல்லாட்டி நான் வீட்டுக்குள்ளை இருந்து பாடினமாதிரியெல்லோ இருக்கும்.” விட்டுவிட்டோம்.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு. பல கரைகளில் இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுப்பதால் பாடுவதற்கு ஆட்களைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. அங்கே காலையில் நிலத்தின் பக்கமிருந்து கச்சான் என்ற மேல்காற்று மணலோடு வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று திசைமாறி எழுந்தது. தங்கச்சி காற்றுக்கு முதுகுகாட்டி நின்று தன் உடம்பையே மறைப்பாக்கினாள். உப்பு ஈரம் உரோமத்தில் ஏறினால் மயிர்கள் ஒட்டிக்கொள்ளும், ஆகவே இரண்டாவது உரோம உறை ஒன்று பையில் இருந்தது. 416 போன்ற ரேடியோ அலைவரிசைச் சுற்று மைக்குகள் ஈரப்பதனுக்கு அஞ்சாதவை என்பதால் மைக்கைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. மாலையில் உறையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டோம்.

கிடைத்ததும் போனதும்

நான்காம் நாளிலிருந்து எடுத்தவை எல்லாம் பாவிக்கக்கூடியவை. முதல் நாள் ஐயாவைத் திரும்ப இருத்திக் கதை கேட்டோம். அவர் சலிக்காமல், முதல்முறை சொல்லாத ஒரு துருசுச் (மதகுச்) சண்டையையும் சேர்த்துச் சொன்னார். அது நட்டத்தில் வந்த இலாபம்.

இரண்டாம் நாள் பாடிய பெரியவரைத் திரும்பப் பதியவில்லை. நாங்கள் ஆறாம் நாள் வீட்டுக்குப் போனபோது கிளினிக்குக்கென மகள் வீட்டுக்கு மன்னாருக்குப் போயிருந்தார். தாழ்சுரத்தை வெட்டி, தனித்தனித் தும்களைக் கையால் குறைத்துப் பார்த்தோம். தாளம் ஓரளவு மீண்டது. துணி சுற்றியதால் மங்கிய மெய்யெழுத்துகள் மீளவில்லை, பதியாததைக் கூட்டி எடுக்க வழியில்லை. பாட்டின் நடுவில் சில அடிகள் யாருக்கும் விளங்கவில்லை.

அடுத்தமுறை மாற்றுவது

புறப்படுமுன் அடைத்த அறையில் தடியை ஆட்டிக் கேட்கும் சோதனையை, ஒலியளவை வேலைசெய்யும் இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் செய்வோம். அங்கே தும் வந்தால் காற்றுறைக்கு ஒரு சதமும் செலவழிப்பதில்லை.

வாங்கும் வரிசையும் மாறும். இம்முறை நான் உறையில் தொடங்கிக் கேபிளில் முடித்தேன். இனி மெல்லிய கேபிள் துண்டு முதலில், மைக்கின் பாரத்துக்கேற்ற தொங்கல் அடுத்தது, மைக்கின் நீளத்தைவிடத் தாராளமான கூடை அதன்பின், உரோமம் கடைசியில். ரப்பர் வளைய மவுண்டை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். அறைக்குள் அது போதும், உதிரி வளையங்கள் பையில் இருந்தால்.

ஹெட்ஃபோன் இரண்டு கொண்டுபோவோம். தடி பிடிப்பவரும் கேட்கவேண்டும். முதல் நாளே சரியாகச் சொன்னவள் கையால் உணர்ந்ததை வைத்துத்தான் சொன்னாள், காதால் கேட்டிருந்தால் நான் அவ்வளவு இலகுவில் மறுத்திருக்க முடியாது. வயது கூடியவர்களின் பதிவை முதலிரண்டு நாளில் வைக்கவும்மாட்டோம்.

தை மாதத்தில் அந்தப் பெரியவரின் மகள், தகப்பன் பாடியதைத் தன் கைத்தொலைபேசியில், அறைக்குள் கதவைச் சாத்திப் பதிந்து அனுப்பினார். குரல் முன்பைவிடத் தளர்ந்திருந்தது. எங்களுக்கு விளங்காத அடிகளில் இரண்டு அதில் தெளிவாக இருந்தன. மற்றவற்றை அவர் பாடவில்லை.